பீஸ் கட்டை போன தூரம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் மண்ணடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. நிலக்கரி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. 1962இலிருந்து அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது. களிமண்ணுக்கு வேறு வழி. சுமார் 25 கி.மீ. தள்ளி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. பொம்மைகளோடு மின்சாரச் சாமான்களும் செய்யும் ஊர் அது. மின்சாரத்தைக் கட்டுக்குள் வைக்கும் பீஸ் கட்டை அங்கே உருவாகிறது.

மின்பீங்கான் கலவையில் ஏறக்குறைய பாதி களிமண். மீதி பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். அச்சில் அழுத்தி, காயவைத்து, பளபளப்புப் பூச்சு கொடுத்து, 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் வேகவைக்கிறார்கள். காயும்போதும் வேகும்போதும் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பதால், அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்ய வேண்டும். கணக்குத் தப்பினால் பித்தளைத் தகடு பொருந்தாது. பொருந்தியது 16, 32, 63 ஆம்பியர் என்று பிரிந்து கடைக்குப் போகும். அங்கிருந்து வீட்டு மீட்டர் பெட்டிக்கும் பம்புசெட் கொட்டகைக்கும்.

இந்தக் கட்டையின் வேலை மெல்லிய கம்பி ஒன்றைத் தாங்கி நிற்பதுதான். சுமை கூடினால் கம்பி உருகும், வீடு தப்பும். பீங்கான் கருகாது. மின்விசிறியும் குழல்விளக்கும் இருந்த காலத்தில் அது போதுமாயிருந்தது. பிறகு ஏசி வந்தது. பீஸ் அடிக்கடி போனதும், ஒரு இழை இருந்த இடத்தில் மூன்று இழையை முறுக்கிக் கட்டுகிற பழக்கமும் வந்தது. அப்போது கம்பி உருகாது. சுவருக்குள் ஓடும் வயர்தான் சூடேறும்.

வயருக்கு வந்த இந்தச் சோதனையை மின்சாரக் கார் கடுமையாக்கியது. பெங்களூரில் பிறந்து 2001இல் விற்பனைக்கு வந்த ரேவா, சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறி 80 கி.மீ. ஓடியது. 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரி 30.2 யூனிட், சான்றிதழில் 312 கி.மீ. ஏசி போட்டு நெடுஞ்சாலையில் விரட்டினால் 200 சொச்சம்தான். தூரம் கூடியது, வீட்டு பிளக் அதே 15 ஆம்பியர். அதில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும், அதாவது சுமார் 20 கி.மீ. ஓட்டம். மிக்ஸி இரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். கார் விடிய விடிய இழுக்கும். தளர்ந்த ஒரு திருகாணி போதும், பிளக் உருக.

புதிய வீடுகளில் எம்.சி.பி. என்னும் தானியங்கி சுவிட்ச் வந்து பீஸ் கட்டையை ஓரங்கட்டிவிட்டது. ஆனால் பீங்கான் குடும்பம் காருக்குள்ளேயே இடம்பிடித்திருக்கிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் கம்பி அறுந்த இடத்தில் எழும் தீப்பொறி சீக்கிரம் அணைந்துவிடும். பேட்டரியின் நேர்மின்சாரம் அப்படி இறங்குவதில்லை. முந்நூறு வோல்ட்டுக்கு மேல் அந்தப் பொறி தொடர்ந்து எரியும். எனவே காரின் உயர்மின் பீஸ்களில் பீங்கான் குழாய்க்குள் குவார்ட்ஸ் மணலை நிரப்புகிறார்கள். கம்பி உருகும்போது மணலும் உருகிக் கண்ணாடியாகி, பொறியை விழுங்கிவிடும். இந்தக் குழாய் களிமண் பீங்கான் அல்ல. அலுமினா, ஸ்டீயடைட் போன்ற வலுவான வகை. தொழில் அதே தொழில்: தான் வேகாமல் நெருப்பை அடக்குவது.

சென்னையிலிருந்து விருத்தாசலம் சுமார் 225 கி.மீ. அந்த நெக்ஸானில் வருபவர் வழியில் ஒரு வேகச் சார்ஜரில் நின்றுதான் ஆகவேண்டும். வந்து சேர்ந்தபின் சொந்தக்காரர் வீட்டில் நல்ல எர்த்தும் சரியான வயரும் இருந்தால், இரவோடு இரவாகப் பேட்டரி நிரம்பிவிடும். அன்றாடம் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் போதும். வீட்டு வாசலில் பிளக் உள்ளவருக்கு 200 கி.மீ. காரே தாராளம். வாடகை மாடிவீட்டில், தெருவோரம் வண்டி நிறுத்துபவருக்கு 500 கி.மீ. பேட்டரி கொடுத்தாலும் அலைச்சல் தீராது. அவருக்கு வேண்டியது பெரிய பேட்டரி அல்ல, நிறுத்தும் இடத்தில் ஒரு பிளக்.