வெண்புள்ளி

வெண்புள்ளி (பெயர்ச்சொல்): தோலுக்கு நிறமூட்டும் மெலனோசைட் செல்கள் அழிவதால் தோன்றும் வெள்ளைத் திட்டு. ஆங்கில மருத்துவத்தில் விட்டிலைகோ.

விட்டிலைகோ இலத்தீன் சொல். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் இதை நிறம் மாறும் பலவகைத் தோல் குறைகளுக்குப் பொதுப்பெயராக ஆண்டார். குறை, மாசு எனப் பொருள்படும் ‘விட்டியம்’ இதன் வேர் என்பர். கன்றைக் குறிக்கும் ‘விட்டுலஸ்’ என்பாரும் உண்டு.

தமிழில் வழங்கிய பழைய பெயர் வெண்குட்டம். ‘குஷ்ட’ என்னும் வடசொல்லின் திரிபே குட்டம்; அது தொழுநோயையும் குறிக்கும். தொழுநோய் பாக்டீரியாவால் வருவது; வெண்புள்ளி தொற்றாது. எனவே பழைய பெயர் பொருந்தாது.

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே தாக்குவது இதற்குக் காரணம். ஏறத்தாழ 50 மரபணு இடங்களின் மாறுபாடுகள் இதனோடு தொடர்புடையவை. இவற்றுள் எச்எல்ஏ-ஏ, என்எல்ஆர்பி1 ஆகிய மரபணுக்கள் எதிர்ப்பாற்றலைச் சார்ந்தவை. டிஒய்ஆர் மரபணு, மெலனின் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதிக்கானது. டிஒய்ஆரில் வெண்புள்ளி வாய்ப்பைக் கூட்டும் வடிவம், மெலனோமா புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கிறது.

மரபணு மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. தோல் காயம், சில வேதிப்பொருள்கள் போன்ற புறக்காரணிகளும் சேரும்போதே நோய் தலைகாட்டுகிறது.