மாலுமிகள் கேட்ட நியாயம்

நம் வெதுருகுப்பத்திலிருந்து வேலூர்க் கோட்டை வெகு தொலைவன்று. 1806 ஜூலை 10ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததையும், பின்னர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி அவர்களுள் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டதையும் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். ஆயின், அதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின் நம் கடற்படையினர் எழுந்த கதையையும், அவர்களுக்குக் கிடைத்த நியாயத்தையும் நம்மில் அறிந்தோர் சிலரே. ஆண்டு விழா மலரின் வாயிலாக அதனை அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

படைகளுக்கெனத் தனி நீதிமன்றம் உண்டு. அதனைக் கோர்ட் மார்ஷல் என்பர். அதில் நீதிபதிகளாக அமர்வோர் அதே படையின் அதிகாரிகள். பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியின் வாளை மேசைமேல் கிடத்தி வைப்பர். தீர்ப்புக் கேட்க அவர் மீண்டும் உள்ளே நுழையும்போது வாளின் முனை அவரை நோக்கியிருந்தால், யாரும் வாய் திறக்கு முன்னரே அவர் தம் விதியை அறிந்து கொள்வார். 2004இல்தான் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. வாளில்லாத சாதாரண மாலுமிக்கு இந்த மரியாதையெல்லாம் ஏது?

1946 பிப்ரவரியில் பம்பாயில், ‘தல்வார்’ என்னும் கடற்படைச் செய்தித்தொடர்புப் பள்ளியில் மாலுமிகளின் மனம் கொதித்துக் கிடந்தது. உணவு வாயில் வைக்க இயலாதது. சம்பளமோ வெள்ளை மாலுமியின் சம்பளத்திற்கு ஈடாகாது. சுவர்களில் தேசிய கோஷங்களை எழுதினார் என்று பி. சி. தத் என்னும் இளைஞர் கைது செய்யப்பட்டிருந்தார். தளபதி கிங் என்பவர் மாலுமிகளை இழிசொற்களால் ஏசினார். படைச் சட்டத்தில் பலர் கூடி ஒரே மனுவாக முறையிடுவதே குற்றம். ஆதலால் அவர்கள் தனித்தனியே முறையீடு எழுதிக் கொடுத்தனர். தக்க பதில் வரவில்லை. பிப்ரவரி 18ஆம் நாள் உணவை மறுத்தனர்.

மறுநாள் எம். எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத் தலைவராகவும் வேலைநிறுத்தக் குழு அமைந்தது. ஒருவர் முஸ்லிம், மற்றவர் சீக்கியர் என்பதை அந்நாளைய அரசியலை எண்ணிப் பார்ப்போர் மறவார். 78 கப்பல்களும் சுமார் 20,000 மாலுமிகளும் இதில் சேர்ந்தனர். அவர்கள் இதனை வேலைநிறுத்தம் என்றனர். சட்டமோ கலகம் என்றது. அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது அவர்களுடைய தலையெழுத்து. கடற்படையே அழிந்தாலும் அடக்கியே தீருவோம் என்ற பொருள்பட அட்மிரல் காட்ஃப்ரே வானொலியில் எச்சரித்தார். கராச்சியில் ‘ஹிந்துஸ்தான்’ கப்பல் பீரங்கிச் சண்டைக்குப் பின் பணிந்தது. பம்பாய்த் தெருக்களில் இருநூறு பேருக்கு மேல் மாண்டனர்.

பழிவாங்கல் இராதபடி காங்கிரஸ் இயன்றதைச் செய்யும் என்ற சர்தார் படேலின் சொல்லை நம்பி, 23ஆம் நாள் மாலுமிகள் பணிந்தனர். பிரிட்டிஷாரிடமன்று, இந்தியாவிடம் சரணடைகிறோம் என்றே அறிவித்தனர். ஆயினும் நடந்தது வேறு. பலர் முகாம்களில் அடைபட்டனர். சிலர் கோர்ட் மார்ஷல் முன் நிறுத்தப்பட்டனர். 476 பேர் வேலையிழந்தனர். இரயில்வேயில் எம்மைப் போன்ற ஒரு குமாஸ்தாவை நீக்குவதானாலும் குற்றப்பத்திரிகை, விளக்கம், விசாரணை, மேல்முறையீடு என்று எத்தனை படிகள்! அம்மாலுமிகளுக்கு மேல்முறையீடு செய்ய ஒரு நீதிமன்றமும் இல்லை. செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ வீரர்களுக்காகப் புலாபாய் தேசாய் வாதாடிச் சில மாதங்களே ஆகியிருந்தன. இவர்களுக்காகத் தேசம் அவ்வாறு திரளவில்லை. எமக்கு இதுவே நெஞ்சை உறுத்துகிறது.

பின்னர் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. பாட்னா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஸையத் ஃபஸல் அலி அதன் தலைவர். கொச்சி சமஸ்தானத் தலைமை நீதிபதி கே. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், மெஹர் சந்த் மகாஜனும், இரு படைத் தளபதிகளும் உறுப்பினர்கள். பணி நிலைமைகளால் விளைந்த அதிருப்தி நெடுநாளாக இருந்ததென்று கமிஷன் கண்டது. ஆயினும் நீக்கப்பட்டோரைச் சுதந்திர இந்தியாவின் கடற்படையும் சேர்த்துக் கொள்ளவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் சேர்த்துக் கொள்ளவில்லை. வெகு காலத்திற்குப் பின்னரே மதன் சிங், தத் ஆகியோரின் பெயர்களை நம் கடற்படை தன் கலங்களுக்குச் சூட்டியது.

சட்டமும் மெல்லவே மாறியது. 1957ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டத்தின்படி கோர்ட் மார்ஷலில் ஐவர் முதல் ஒன்பதின்மர் வரை அதிகாரிகள் அமர்வர். கப்பலின் தலைவர் தாமே விசாரித்து மூன்று மாதம் வரை சிறையிடலாம். அரசியலமைப்பின் 136ஆம் பிரிவோ படை நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு விலக்களித்து ஒதுங்கிக் கொண்டது. மேல்முறையீடு ஒன்றேனும் இல்லாதது பெருங்குறையென 1982இல் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. அதன்பின்னும் கால் நூற்றாண்டு கழிந்து, 2007இல்தான் ஆயுதப் படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. நீதிபதி ஒருவரும் ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரும் அதில் சேர்ந்தமர்ந்து விசாரிக்கின்றனர். சென்னையிலும் அதன் அமர்வு இயங்குகிறது. நம் சித்தூர் மாவட்டத்திலிருந்து கடற்படையில் சேரும் பிள்ளைக்கு நாளை ஒரு வழக்கு நேர்ந்தால், அவன் சென்று முறையிடும் இடம் அதுவே.