நெட்வொர்க் ஆஸ்பத்திரி: பட்டியல் யார் போட்டது?

மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்தபோது நான் பிரீமியத்தை மட்டும்தான் பார்த்தேன். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான நெட்வொர்க் ஆஸ்பத்திரிகள் என்று விளம்பரம். வெள்ளானூரில் குடியிருப்பவனுக்கு அதில் என்ன இருக்கு? ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா, ஆவடியிலோ அம்பத்தூரிலோ எந்த வாசலில் வண்டியை நிறுத்துவது என்பதுதான் கேள்வி. அப்படி ஒரு ராத்திரி வந்தது. நாங்கள் போன இடம் பட்டியலில் இல்லை. கைப்பணம் கட்டி, பில்லை அனுப்பி, இரண்டு மாதம் காத்திருந்தோம். அப்பா இப்போது நலம். ஆனால் இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

நம் ஊர்ப்பக்கம் பலருக்குத் தெரிந்த முதல் மருத்துவக் காப்பீடு ஈஎஸ்ஐ. 1948ல் சட்டம், 1952ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம். அதில் பணம் வசூலிப்பவரே ஆஸ்பத்திரியும் நடத்துவார். அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளி அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போவது அப்படித்தான்.

1986ல் அரசு காப்பீட்டு நிறுவனங்கள் மெடிகிளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தன. முறை நேர் எதிர்: எங்கே வேண்டுமானாலும் வைத்தியம் பாருங்கள், பில்லைக் கொடுங்கள், பிறகு பணம் வரும். சுதந்திரம் உண்டு, ஆனால் முதலில் கையில் காசு வேண்டும்.

அந்தக் கஷ்டத்துக்கு விடையாக வந்ததுதான் கேஷ்லெஸ். 2001ல் ஐஆர்டிஏ, டிபிஏ என்கிற இடைநிலை நிறுவனங்களுக்கு விதிமுறை போட்டது. அவர்கள் ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் போட்டார்கள், பட்டியல் பிறந்தது. கூடவே இன்னொன்றும் பிறந்தது: அட்மிஷன் கவுன்டரில் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்ற கேள்வி. நோயாளி பேரம் பேசுவதில்லை, கம்பெனி தூரத்தில் இருக்கிறது. பில் ஏறியது.

2010 ஜூலையில் நான்கு அரசு நிறுவனங்களும் பதிலடி கொடுத்தன. டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னையில் பல பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு கேஷ்லெஸ் நின்றது. பொதுவான ஆபரேஷன்களுக்கு நிர்ணயித்த பேக்கேஜ் ரேட்டை ஒத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் அந்த வசதி. அதற்கு வைத்த பெயர் பிரிஃபர்ட் புரொவைடர் நெட்வொர்க், சுருக்கமாக பிபிஎன். பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1982ல் கலிபோர்னியா சட்டம் காப்பீட்டு நிறுவனங்கள் ஆஸ்பத்திரிகளைத் தேர்ந்தெடுத்து ரேட் பேச வழி விட்டது. அதன் பிறகு இந்த வகைத் திட்டங்கள் வேகமாகப் பெருகின.

ஆக "பிரிஃபர்ட்" என்றால் நமக்குப் பிடித்த ஆஸ்பத்திரி என்று அர்த்தமில்லை. ரேட் படிந்த ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அதற்காகப் பட்டியலைக் கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். ரேட் பேச ஆள் இல்லாவிட்டால் பில்லும் ஏறும், பின்னாலேயே பிரீமியமும் ஏறும். 2009ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இதே பட்டியல் முறையில்தான் ஏழைக் குடும்பங்களைத் தனியார் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோயின.

பட்டியலுக்கு வெளியே போனவர் கதி? 2018ல், மத்திய அரசின் சிஜிஎச்எஸ் திட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி சிவகாந்த் ஜா வழக்கில், ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2024 ஜனவரியில் எல்லா ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் என்ற ஏற்பாட்டைக் காப்பீட்டு நிறுவனங்கள் அறிவித்தன: திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பே, அவசரத்துக்குச் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அதே வருடம் மே மாதம், கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் தர வேண்டும் என்றது ஐஆர்டிஏஐ. ஆனால் ரேட் பேசி வைக்காத இடத்தில் கேஷ்லெஸ் கிடைக்க அந்த ஆஸ்பத்திரியும் சம்மதிக்க வேண்டும்.

அதனால் இப்போது நான் பார்க்கும் வரிசையே வேறு. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயரை முதலில் எழுதுவேன். அவை பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். வெளியே போனால் நம் பங்கு எத்தனை சதவீதம் என்று பாலிசியில் தேடுவேன். ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா என்றும் பார்க்கணும். அதைத் தாண்டிய ரூம் எடுத்தால் டாக்டர் ஃபீஸ் உட்பட மற்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். பிரீமியம் கடைசியில்தான்.

வெப்சைட் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம், ஒப்பந்தம் இடையில் முறியும். ஒவ்வொரு ரினியூவலுக்கும் முன்னால் அந்த மூன்று ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கும் போன் போட்டு, கம்பெனி பெயர் சொல்லிக் கேட்கிறேன். பத்து நிமிஷ வேலை.