லயத்துக் கூரையில் ஒரு கம்பி

கஹவத்தை லயங்களில் தாத்தாமார் கூரைமேல் கம்பி கட்டி ரேடியோ கேட்ட கதை எங்களுக்குத் தெரியும். ஒரு ஸ்டேஷன் பிடிச்சா, இன்னொன்று வந்து இரையும். அந்த இரைச்சலுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மின்பொறியால் அலை எழுப்பி, தூரத்து மணியை அடித்துக் காட்டினார். பொறியின் அலை ஓரிடத்தில் நிற்காது, பரந்து சிதறும். ஒருவர் செய்தியை மற்றவர் குழப்பியதால் பொறிக் கருவிகள் பின்னர் தடைசெய்யப்பட்டன.

2002இல் அமெரிக்கா 3.1 முதல் 10.6 கிகாஹேர்ட்ஸ் வரையான அகன்ற பட்டையை, மிகக் குறைந்த வலுவோடு, மறுபடி அனுமதித்தது. ஆனா நடுவில், 5 கிகாஹேர்ட்ஸில், வைஃபை இருக்கே! அதற்காக அன்டெனாவின் செப்புத் தகட்டில் அரை அலைநீளத்துக்கு மெல்லிய கோடொன்று வெட்டுகிறார்கள். அந்த அலை மட்டும் அங்கேயே சிக்கிக்கொள்ளும், மற்றவை போகும்.

வேண்டாததை ஒதுக்கத்தான் தாத்தாவும் கம்பியைத் திருப்பித் திருப்பிக் கட்டினார். அவர் பாடு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் நாங்கள் எழுதிவைக்கிறோம்.