ஓர் அடி திரைக்குப் போகும் வழி

மேடையில் டிரம்ஸ் வாசிப்பவர் காலால் மிதிக்கிறார். கிக் டிரம்மின் தோலில் அடி விழுகிறது. அந்த ஓர் அடி அக்கணமே இரண்டு வழியாகக் கிளம்புகிறது. ஒன்று ஒலிபெருக்கி வழியாக நம் காதுக்கு வருகிறது. மற்றொன்று கணினிக்குள் புகுந்து, மேடைக்குப் பின்னால் நிற்கும் பெருந்திரைக்குப் போகிறது. இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால்தான் திரை பாட்டோடு ஆடுவதாகத் தோன்றும். இரண்டாவது வழி நெடுகப் போய்ப் பார்த்தால், அங்கே எல்லாம் நேரக் கணக்குதான்.

டிரம்முக்கு உள்ளேயே மைக் இருப்பதால் தொடக்கத்தில் நேரச் செலவு இல்லை. மிக்ஸரைக் கடந்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு வந்ததும், அந்த மின் அலை வினாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. முதல் காத்திருப்பு இங்கேதான். ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கணினியால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கட்டு சேர வேண்டும். 1,024 எண்கள் சேர ஏறக்குறைய 23 மில்லிவினாடி ஆகும். 256 போதும் என்றால் 6 மில்லிவினாடியில் முடியும். ஆனால் அப்போது 172 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு பட்டையாகத்தான் ஒலியைப் பிரிக்க முடியும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குமுறும் கிக் டிரம்மும், அதே பக்கத்தில் உலவும் பேஸ் கிட்டாரும், சற்று மேலே நிற்கும் ஆண்குரலும் ஒரே பட்டையில் கலந்துவிடும். விரைவு கூடினால் நுட்பம் குறையும். இதற்கு விலக்கு இல்லை.

கட்டு சேர்ந்ததும் ஃபூரியர் உருமாற்றம் அதை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. கூலியும் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட விரைவுக் கணக்குமுறைதான் இதை ஓடும் இசையிலேயே செய்ய வழிவிட்டது. பிறகு முந்தைய கட்டோடு ஒப்பீடு. எந்தெந்தப் பட்டையில் சத்தம் ஏறியிருக்கிறதோ, அந்த ஏற்றத்தை மட்டும் கூட்டுவார்கள். வெறும் சத்த அளவை நம்பினால் திரை ஏமாந்துபோகும். உச்சத்தில் ஒலிக்கும் பாட்டில் எல்லாக் கணமும் சத்தம்தானே. அதனால் சற்று முன்பு கேட்டதன் சராசரியோடு இப்போதைய அளவை வைத்துப் பார்ப்பார்கள். கணினியில் பாட்டு கேட்க உதவிய வின்ஆம்பில் பாட்டுக்கு ஏற்ப வண்ணம் சுழற்றிய மில்க்டிராப்பை (2001) நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். ரயன் கைஸ் எழுதிய அந்த நிரலில் பேஸ் அளவு 1 என்றால் வழக்கம், 1.3-ஐத் தாண்டினால் ஓங்கி ஒலிக்கிறது என்று பொருள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. பாடகர் குரலை அசைத்தால் ஒலி ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாவும். புதிதாக எதுவும் ஒலிக்காமலேயே கணினி அதை அடி என்று எண்ணிக்கொள்ளும். ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செபாஸ்டியன் போக், கெர்ஹார்ட் விட்மர் இருவரும் 2013-இல் பக்கத்துப் பட்டைகளையும் சேர்த்து ஒப்பிட்டு இந்தத் தவற்றை வெகுவாகக் குறைத்தார்கள்.

இனி வெளியேறும் பாதை. படம் வினாடிக்கு 60 சட்டகம் என்றால் அடுத்த சட்டகத்துக்காக 17 மில்லிவினாடி வரை நிற்க நேரும். புரொஜெக்டரோ எல்.இ.டி. திரையோ தன் பங்குக்கு ஒன்றிரண்டு சட்டகங்களை விழுங்கும். எல்லாம் கூட்டினால் 60, 70 மில்லிவினாடி. சொற்பம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஒளிபரப்புக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வகுத்த பரிந்துரையைப் பாருங்கள்: ஒலி பிந்தினால் 125 மில்லிவினாடி வரை நமக்குத் தெரிவதில்லை, முந்தினால் 45-லேயே தெரிந்துவிடுகிறது. தூரத்தில் துணி துவைப்பவரின் கை இறங்கிய பிறகே சத்தம் வந்து கேட்டுப் பழகியவர்கள் நாம். இசையைக் கேட்டு ஆடும் திரையிலோ ஒலிதான் எப்போதும் முந்திக் கிளம்புகிறது. 30 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு ஒலி வந்துசேரவே 87 மில்லிவினாடி ஆவதால் அவருக்குக் குறை தெரியாது. முன்வரிசைக்குத் தெரியும்.

அப்படியானால் வேகமான கணினி வாங்கினால் தீருமா? தீராது. கேட்ட பிறகு காட்டுவது என்ற முறையே பிந்துவதற்குத்தான் ஏற்பட்டது. மனிதர்களைக் கவனியுங்கள். மெட்ரோனோமுக்கு விரல் தட்டச் சொன்னால் பெரும்பாலோர் அதன் ஒலிக்குச் சற்று முன்பே தட்டிவிடுகிறார்கள். டிரம் மௌனமாகும் இடத்திலும் நம் கால் தாளத்தை விடுவதில்லை. நாம் அடிக்காகக் காத்திருப்பதில்லை. அது எப்போது வரும் என்று அறிந்து வைத்திருக்கிறோம்.

இந்த அறிவைக் கணினிக்குக் கொடுத்த முன்னோடிகளில் ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்து மசதாகா கோடோவும் யோயிச்சி முராவோகாவும் முக்கியமானவர்கள். 64 செயலிகள் கொண்ட ஃபுஜித்சு ஏபி1000 கணினியில், ஓடும் பாட்டின் தாளத்தை உடனுக்குடன் பின்தொடரும் முறையை 1994-இல் அறிவித்தார்கள். அதில் ஒரே பாட்டை முகவர்கள் எனப்படும் பல சிறு நிரல்கள் கேட்டன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஊகம் வைத்துக்கொண்டு, அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே சொன்னது. கிக் டிரம்மும் ஸ்னேரும் வழக்கமாக எந்த வரிசையில் வரும் என்பதையும் சரிபார்த்து, நம்பத்தக்க ஊகத்தையே ஏற்றார்கள். அதற்கேற்பத் திரையில் கணினி வரைந்த நடனக்காரர்கள் ஆடினார்கள். நிமிடத்துக்கு 120 அடி என்று பிடித்துவிட்டால் அடுத்த அடிக்கு அரை வினாடி இருக்கிறது. 70 மில்லிவினாடி முன்னதாகவே படத்தை அனுப்பிவிடலாம். என் கணிப்பில் இந்தத் துறையின் உண்மையான திருப்பம் இதுதான்.

ஆனால் அந்த முறை நான்குக்கு நான்கு தாளத்தை முன்னரே எடுத்துக்கொண்டது. இன்றும் மேடைக் காட்சிகளுக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் அப்படியே. கர்நாடக இசையில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்தின் முதல் அடியான சமத்தில் இருக்க வேண்டியதில்லை; மிச்ர சாபு மூன்றும் நான்குமாக நடக்கும். அஜய் ஸ்ரீநிவாசமூர்த்தி பார்சிலோனாவின் போம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2016-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், இந்திய இசையின் தாளச் சுழற்சியைக் கணினி பின்தொடரும் வழிகளை ஆராய்ந்திருக்கிறார். அடித்தளம் இருக்கிறது. மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் மின்னும் திரை சத்தத்துக்கு மின்னுகிறதே ஒழிய தாளத்துக்கு அல்ல. நம் கச்சேரிகளுக்குத் திரை அமைக்கும் இளைஞர்கள் அந்த ஆய்விலிருந்து தொடங்க வேண்டும்.