கௌரிகுண்டமும் கடவூர்த் தீர்த்தமும்

வடநாட்டுத் தலமாகிய திருக்கேதாரம் திருஞானசம்பந்தர், சுந்தரர் இருவர் பாடலும் பெற்றது. முன்னவர் பதிகம் இரண்டாந் திருமுறையிலும், பின்னவர் பதிகம் ஏழாந் திருமுறையிலும் உள்ளன. இருவரும் திருக்காளத்தியில் இருந்தவாறே அத்தலத்தை நினைந்து பாடினர் என்பது சேக்கிழார் வாக்கால் அறியக்கிடக்கின்றது.

அக்கேதாரத்திற்கு ஏறும் வழியில், மந்தாகினிக் கரையில், ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் உள்ளது கௌரிகுண்டம். இறைவனை மணாளனாகப் பெற உமையம்மையார் தவஞ்செய்த இடம் இஃதென்பர் வடநாட்டார். பனிமலைச் சாரலில் ஆண்டு வெந்நீர் ஊறுகின்றது. மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகளின் வழியே நெடுந்தொலைவு கீழிறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தாற் காய்ந்து, வேறு பிளவுகளின் வழியே மேலெழுதலே இதற்குக் காரணம். அடியார் அதில் நீராடிய பின்னரே, 11,700 அடிக்கு மேல் உயர்ந்த கேதாரத்திற்கு ஏறுவது மரபு.

காவிரி நாட்டுத் திருக்கடையூர்க்கு அணித்தாய திருக்கடவூர் மயானமும் மூவர் தேவாரமும் பெற்ற தலமே. மார்க்கண்டேயர் வழிபாட்டின்பொருட்டு ஆண்டுள்ள கிணற்றிற் கங்கை வெளிப்பட்டாள் என்பது தலவரலாறு. காசி தீர்த்தம் எனப்படும் அந்நீரே வீரட்டத்து இறைவர்க்குத் திருமஞ்சனமாகின்றது. ஒன்று பனிமலையில் வெம்மையாய் எழுவது. மற்றொன்று கடலோர நாட்டில் தண்ணீராய் ஊறுவது. இரண்டும் நிலத்தின் அகத்திருந்து வருவனவே.

2013ஆம் ஆண்டு சூன் 16, 17ஆம் நாள்களில் மந்தாகினி பெருகிப் பல்லாயிரவர் உயிரைக் கவர்ந்தது. கௌரிகுண்டத்துக் குளமும் சிதைந்தது. குளம் சிதைந்தமையால் தீர்த்தமும் சிதைந்ததோ எனின், அன்று. படியும் கரையும் மாந்தர் கட்டியவை. நீரைத் தீர்த்தமாக்குவது அதனை இடமாகக் கொண்டு நிற்கும் திருவருளே. அருள் வெள்ளத்தாற் கரையாது. எனினும், ஆற்றின் வழியை அடைத்து மனைகள் நெருக்குதல் தீர்த்த வழிபாடு ஆகாமையும் இந்நிகழ்ச்சியால் உணரற்பாலது.

அருள் யாண்டும் உளதாயின், மலையேறுதல் எற்றுக்கு எனக் கடாவுவார் உளர். காளத்தியினின்றே கேதாரத்தைப் பாடினார் இருவர். அப்பரடிகளோ உடல் தேயுமளவும் கயிலை நோக்கிச் சென்றார். இறைவர் அவரை ஒரு தடாகத்தில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச்செய்து, ஆண்டே கயிலைக் காட்சி அளித்தனர். செல்லாதார்க்கும் சென்றார்க்கும் ஒருங்கே பயன் தந்தது அன்பே. நடந்த வழியின் நீளம் அன்று.

ஆதலின், மணிவிழா நிகழ்த்தக் கடவூர்க்கு வரும் முதியோர், கேதாரம் ஏற இயலவில்லையே என வருந்தற்க. காலனை உதைத்த பெருமான் திருமுன் நின்று கேதாரப் பதிகத்தை மனமுருகி ஓதுவார்க்கு, அம்மலையும் அச்சுனையும் அணித்தே உள்ளன.