கச்சும் குப்பாயமும்

பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. முதியோர் நாவில் பழம்பெயரே நிற்கிறது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள், ரவிக்கைக்கு மேல் பழைய நீள்கைச் சட்டையொன்றை மாட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு வெட்டுக்குச் சென்றனர். கொசுக்கடிக்கும் பால்கறைக்கும் அதுவே காப்பு. இன்றைய இளம்பெண்களோ இடையை இறுக்கி, முன்புறம் கயிறு பின்னிய 'கோர்செட்' மேற்சட்டையைப் பூப்போட்ட பாவாடையுடன் விரும்பி அணிகின்றனர். இதற்கு 'நாட்டுப்புறத் தோற்றம்' என்று பெயர். எந்த நாட்டின் புறம் என்பதே கேள்வி.

இது ஐரோப்பியக் கற்பனையில் பிறந்த நாட்டுப்புறம். பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்து வெர்சாயில் பொம்மைச் சிற்றூர் ஒன்றை அமைக்கத் தொடங்கிய 1783-ஆம் ஆண்டிலேயே, விறைப்பான அரசவை உடையை விடுத்துத் தளர்ந்த வெண்மசுலின் அங்கியில் அவர் தோன்றும் ஓவியம் பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அரசி உள்ளாடையோடு காட்சி தருவதா என்று மக்கள் சினந்தமையால் அது அகற்றப்பட்டது. ஆக, அன்று நாட்டுப்புறக் கோலம் என்றாலே இறுக்கம் தளர்தல். இன்று அதே பெயரில் இறுக்கம் விலைக்கு வருவது வேடிக்கைதான்! வெயில் மிகுந்த இந்நாட்டில் தேர்ந்தெடுப்போர், உட்கம்பியற்ற பருத்தியை நாடுவதே நன்று.

தமிழரிடம் கச்சு புதிதன்று. திருமுருகாற்றுப்படையில் முருகனே கச்சு அணிந்தவன்; அங்கே அது ஆடவரின் அரைக்கட்டு. மகளிர் மார்பில் கட்டிய துணியையும் கச்சு, வார், வம்பு எனப் புலவர் வழங்கினர். கோயிற்படிமங்களில் திருமாலின் இருபுறமும் நிற்கும் தேவியருள் திருமகளுக்கு மார்புக்கச்சை உண்டு, நிலமகளுக்கு இல்லை. சிற்பிகள் இருவரையும் வேறுபடுத்தும் குறி அது.

கல்லில் இவ்வேற்றுமை அழகுக் குறி. மனிதரிடையே அது கொடுமையாயிற்று. திருவிதாங்கூரில் நாடார்ப் பெண்கள் மார்பை மறைப்பதற்கே தடை இருந்தது. கிறித்தவம் தழுவியோர் குப்பாயம் என்னும் தைத்த சட்டையை அணியத் தொடங்கினர். அதனோடு உயர்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலையும் போட்டபோது கலகம் மூண்டது. சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. 1858 இறுதியில் பெருங்கலவரம். சென்னை ஆளுநர் டிரெவிலியன் நெருக்கியதன்மேல், 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மன்னரின் ஆணை வெளிவந்தது. நாடார்ப் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணி சுற்றலாம், வேறு எவ்வகையிலும் மறைக்கலாம். உயர்சாதிப் பெண்டிரைப் போல் மட்டும் உடுத்தலாகாது. கொடுத்த கையே ஒன்றைப் பிடித்துக்கொண்ட ஆணை இது. இன்று ரவிக்கை என்றால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றோ அதற்காக அடிபட்டார்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் எஃகும் திமிங்கலத் தாடையின் மீள்பட்டையும் வைத்துத் தைத்த கச்சுகளைச் சீமாட்டிகள் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தனர். 1881-இல் இலண்டன் பெண்கள் சிலர் உடைச்சீர்திருத்தச் சங்கம் ஒன்றை நிறுவி, அவ்விறுக்கத்தைத் தளர்த்தும்படி கேட்டனர்.